கேள்விக் கூடை: பொகவந்தலாவைப் பச்சைக் கல்லும் புளோர்ஸ்பார் கேள்விகளும்

போன இதழில் பிரிட்ஜ் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பிரிட்ஜுக்குள் ஓடுகிற காஸும் பல்லுப் பசையில் இருக்கிற புளோரைட்டும் ஒரே கல்லிலிருந்து வருகிறவைதான், அந்தக் கல்லுக்குப் புளோர்ஸ்பார் என்று பெயர் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை கூடையில் வேறு கொழுந்து கிடையாது, எல்லாம் இந்தக் கல்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் கல்லுக்கு ஒரு பெயர், தண்ணீரில் கரைந்திருப்பதற்கு வேறு பெயர், கடைசி ஓசை மட்டும் கொஞ்சம் மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் 'புளோரைட்' என்றே வந்து நிற்கிறது, அதைப் படித்துவிட்டு 'பல்லுப் பசையில் கல்லை அரைத்துப் போடுகிறார்களா' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே கல் என்றால் புளோர்ஸ்பார், கரைந்த உப்பு என்றால் புளோரைட்டு. கல்லை அப்படியே அரைத்து யாரும் பசையில் போடுவதில்லை, அது தண்ணீரில் சரியாகக் கரையவே கரையாது.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்: தோட்டத்துக்குக் கீழே ஆற்றில் குளிக்கப் போன என் மகன் நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சைக் கல் கொண்டுவந்தான். டவுனில் கல் பார்க்கிற ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இது புளோரைட், காசுக்கு ஆகாது, வேண்டுமென்றால் ஐந்நூறு ரூபாய் தருகிறேன்' என்றார். காசுக்கு ஆகாத கல்லுக்கு ஏன் ஐந்நூறு என்று கொடுக்காமல் வந்துவிட்டேன். செய்தது சரியா?

பதில்: சரிதான். காசுக்கு ஆகாத கல்லை ஐந்நூறு கொடுத்துக் கேட்கிறவர் தர்மத்துக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்காக மரகதம் கிடைத்துவிட்டது என்றும் துள்ள வேண்டாம். பார்க்காமல் நான் பெயர் சொல்ல முடியாது, ஆனால் இது புளோர்ஸ்பாரா இல்லையா என்பதை நீங்களே வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

புளோர்ஸ்பார் என்பது கல்சியமும் புளோரினும் சேர்ந்த கனியம். சுத்தமாக இருந்தால் தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது, ஆனால் அப்படிக் கிடைப்பது குறைவு, பச்சை, ஊதா, மஞ்சள், நீலம் என்று எல்லா நிறத்திலும் வரும், சில துண்டில் பட்டை பட்டையாக இரண்டு மூன்று நிறம் ஓடும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள், பார்க்க வேண்டியது வன்மை. கற்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கிற மோ அளவுகோலில் 4ஆம் இடத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிற கல்லே புளோர்ஸ்பார்தான். நம் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் 9. சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கத்தில். அப்படியென்றால், உங்கள் கல்லின் கூரான ஓரத்தை ஒரு பழைய போத்தலில் அழுத்தி இழுத்துப் பாருங்கள், போத்தலில் கீறல் விழுந்தால் அது புளோர்ஸ்பார் இல்லை. மாறிச் செய்யாதீர்கள், அதாவது கத்தியால் கல்லைக் கீற வேண்டாம், நல்ல கல்லாக இருந்தால் விலை போய்விடும்.

என் மேசையில் ஒரு துண்டு இருக்கிறது, வெளிநாட்டுக்குப் போய்வந்த ஒரு சிநேகிதர் கொடுத்தது, ஊதாவும் பச்சையும் கலந்தது. ஒரு நாள் தூசி தட்டும்போது கைதவறிச் சிமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. கண்ணாடி மாதிரிச் சிதறவில்லை. கத்தி வைத்துத் தொதல் வெட்டின மாதிரி, சாய்வாக, வழுவழுப்பாக ஒரு முகம் வந்திருந்தது, தடவிப் பார்த்தால் யாரோ பொலிஷ் போட்டது போல. இந்தக் கல்லுக்கு உள்ளேயே நான்கு திசையில் பிளவுத் தளங்கள் உண்டு, பழகிய கை தட்டினால் இரண்டு கூம்பை அடியோடு அடி ஒட்டின மாதிரி எட்டு முகத் துண்டு விழும்.

இதில்தான் உங்கள் கல்லில் எனக்குச் சந்தேகம். இவ்வளவு எளிதாகப் பிளக்கிற, இவ்வளவு மெதுவான கல், ஆற்றில் உருண்டு உருண்டு நெல்லிக்காயாக வந்து சேருவது கஷ்டம், வழியிலேயே பொடியாகிவிடும். இல்லம் என்று சொல்கிற சரளையில் நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம் எல்லாம் அகப்படுவதற்குக் காரணமே அவை இந்த அடிக்கெல்லாம் தாக்குப் பிடிக்கிற கற்கள் என்பதுதான். ஆக உங்களிடம் இருப்பது வன்மையான கல் ஏதாவது ஒன்றாக இருக்கலாம், அல்லது, கோபித்துக்கொள்ளாதீர்கள், வெள்ளைக்காரத் துரைமார் குடித்துவிட்டு எறிந்த சோடாப் போத்தலின் அடியாகவும் இருக்கலாம். பூதக் கண்ணாடி வைத்து உள்ளே பாருங்கள், உருண்டைக் காற்றுக் குமிழி தெரிந்தால் போத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். குமிழியும் இல்லை, போத்தலையும் கீறுகிறது என்றால் டவுன்காரரிடம் போகாமல் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று: கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா லைட்டை இருட்டில் புளோர்ஸ்பார் மீது அடித்தால் பல துண்டுகள் நீலமாக ஒளிரும், எல்லாத் துண்டும் இல்லை. ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 1852இல் இந்த ஒளிர்வுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே இந்தக் கல்லின் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

ஹட்டனிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி: பாடத்தில் ஒரு சமன்பாடு மட்டும் இருக்கிறது, அதை மனனம் செய்துவிட்டேன். ஒரு கல்லிலிருந்து காஸ், பிளாஸ்டிக், பேட்டரி என்று எப்படி இவ்வளவு வருகிறது? உலகத்துக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்?

பதில்: தங்கச்சி, உனக்குத்தான் நீளமாக எழுதப் போகிறேன், தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் 'புளுவெரே' என்றால் ஓடு, வழிந்தோடு. பழைய ஜெர்மன் சுரங்கக்காரர்கள் உலோகம் உருக்கும்போது இந்தக் கல்லில் ஒரு பிடி போட்டால் கசடு இளகித் தண்ணீராக ஓடிவிடும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள், அக்ரிகோலா என்ற மருத்துவர் 16ஆம் நூற்றாண்டிலேயே அதை எழுதி வைத்தார். உருக்கு ஆலைகளில் இன்றைக்கும் அதே வேலைக்கு அதே கல்லைத்தான் போடுகிறார்கள்.

சுரங்கத்திலிருந்து வருகிற பாறையில் புளோர்ஸ்பாரோடு படிகக்கல், சுண்ணாம்பு, சில இடத்தில் ஈயம், நாகம் எல்லாம் கலந்திருக்கும். உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, எண்ணெய்ப்பசை உள்ள ஒரு அமிலத்தைச் சேர்த்துக் காற்றை ஊதினால் நுரை பொங்கும், புளோர்ஸ்பார்த் துகள் நுரைக் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், மற்றவை அடியில் தங்கும். நுரையை வழித்து எடுத்து வடிகட்டினால் ஈரச் சீனி மாதிரி ஒரு மா. உங்கள் ஊர்த் தேயிலை ஸ்டோரில் சல்லடையில் போட்டு பி.ஓ.பி. என்றும் டஸ்ட் என்றும் பிரிக்கிறார்களே, அந்த மாதிரி இதற்கும் தரம் உண்டு. நூற்றுக்கு 97 வீதத்துக்கு மேல் சுத்தம் என்றால் அமிலத் தரம். அதற்குக் கீழே உள்ளவை உருக்காலைக்கும் கண்ணாடி, பீங்கான், எனாமல் வேலைக்கும் போகும். உலகச் சந்தையில் பெரிய ஆட்டமெல்லாம் அமிலத் தரத்தை வைத்துத்தான்.

அந்த மாவைச் சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்துச் சுழல்கிற இரும்பு உலையில் 200 பாகைக்கு மேல் சூடாக்கினால் ஐதரசன் புளோரைட்டு கிளம்பும், மிச்சமாகக் கல்சியம் சல்பேற்று தங்கும். இதுதான் நீ மனனம் செய்த சமன்பாடு. ஒரு தொன் ஐதரசன் புளோரைட்டுக்கு ஏறத்தாழ இரண்டேகால் தொன் கல் வேண்டும். அதன் கொதிநிலை 19.5 பாகை என்பதைக் கவனி. குளிர் நாளில் நுவரெலியாவில் அது தண்ணீர் மாதிரித் திரவமாக நிற்கும், அதையே கொழும்புக்குக் கொண்டுபோனால் கொதித்து ஆவியாகும். கண்ணாடிப் போத்தலில் வைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே, கண்ணாடியைத் தின்றுவிடும். 1771இல் ஷீலே என்ற விஞ்ஞானி இந்த அமிலத்தை வடித்தபோது அவருடைய கண்ணாடிப் பாத்திரத்தையே அரித்துவிட்டது.

மனிதனுக்கும் அதே கதிதான், இன்னும் மோசம். கையில் பட்டால் முதலில் பெரிதாக எரியாமல்கூட இருக்கலாம், தோலுக்குள் இறங்கி உடம்பிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கல்சியம் புளோரைட்டு ஆகிவிடும், அதாவது தோண்டியெடுத்த அதே கல் சதைக்குள் உருவாகிறது, இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயம் நின்றுபோகவும் கூடும். அதனால்தான் இந்த ஆலைகளில் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இந்த அமிலத்திலிருந்து புளோரினைத் தனியாகப் பிரிக்கப் போய் விஷமேறிப் படுத்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில் 1886இல் பிரான்ஸில் மொய்ஸான் என்ற விஞ்ஞானி பிரித்துக் காட்டினார், 1906இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கல்லுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த அமிலம்தான் சந்தி, ஹட்டன் சந்தி மாதிரி, இங்கிருந்துதான் எல்லா ரோட்டும் பிரிகிறது. ஒரு ரோட்டு அலுமினியத்துக்கு: அலுமினா என்ற அலுமினிய ஒட்சைட்டு 2000 பாகைக்கு மேல்தான் உருகும், ஆனால் கிரயோலைட் என்ற புளோரின் கனியத்தை உருக்கி அதில் கரைத்தால் 960 பாகை அளவிலேயே மின்சாரம் விட்டு அலுமினியத்தைப் பிரிக்கலாம். ஒரு காலத்தில் கிரயோலைட்டைக் கிரீன்லாந்தில் தோண்டினார்கள், அந்தச் சுரங்கம் 1987இல் மூடியாயிற்று, இப்போது செயற்கையாகச் செய்கிறார்கள், அதற்குப் புளோரின் பெரும்பாலும் இந்தக் கல்லிலிருந்துதான். இன்னொரு ரோட்டு குளிரூட்டும் காஸுக்கு. இன்னொன்று நொன்ஸ்டிக் தட்டில் பூசுகிற டெப்லானுக்கு, அது 1938இல் பிளங்கெட் என்ற இளைஞர் குளிரூட்டும் காஸ் ஆராய்ந்துகொண்டிருந்தபோது சிலிண்டருக்குள் தற்செயலாக வெள்ளைப் பொடியாக வந்தது. இன்னொன்று யுரேனியத்துக்கு, அணு உலை எரிபொருளைச் செறிவாக்க அதை ஆறு புளோரின் சேர்ந்த காஸாக மாற்றியாக வேண்டும். லிதியம் பேட்டரியின் உள்ளே இருக்கிற திரவத்தில் கரைந்திருக்கும் உப்பிலும் ஆறு புளோரின். நீ பயன்படுத்துகிற போனின் சிப்பைச் செதுக்கியதும் இந்த அமிலம்தான், ஆனால் அதற்கு வேண்டியது அசாத்தியச் சுத்தம்.

எவ்வளவு முக்கியம் என்று கேட்டாயே, ஒரு சம்பவம் சொல்கிறேன். 2019 ஜூலையில் ஜப்பான், தென்கொரியாவுக்கு அனுப்புகிற மூன்று பொருட்களுக்குக் கட்டுப்பாடு போட்டது, அதில் ஒன்று சிப் செய்கிற தரத்து ஐதரசன் புளோரைட்டு. பணத்தில் பார்த்தால் சின்ன வியாபாரம். ஆனால் அது நின்றால் உலகத்துக்கு மெமரி சிப் செய்து கொடுக்கிற ஆலைகள் தடுமாறும் என்று கொரியாவில் பெரிய பதற்றம் வந்தது. இத்தனைக்கும் ஜப்பான் தன் மண்ணில் இந்தக் கல்லைத் தோண்டவில்லை, வாங்கிச் சுத்தம் செய்கிறது. கல்லை வைத்திருப்பவனை விடச் சுத்தம் செய்யத் தெரிந்தவன் கையில்தான் பிடி இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் இந்தக் கல் எங்கெல்லாம் இருக்கிறது? நொன்ஸ்டிக் தட்டில் ரொட்டி சுட்டால் கான்சர் வரும் என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா, உண்மையா?

பதில்: அம்மா, முதலில் ரொட்டித் தட்டு. அதன் கறுப்புப் பூச்சு டெப்லான், எதனோடும் சேராத பொருள், உரிந்து ஒரு சின்னத் துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் போன மாதிரியே வெளியே வந்துவிடும். பயம் வந்தது பூச்சைப் பற்றி அல்ல, அதைச் செய்யும்போது முன்பு சேர்த்த பி.எப்.ஓ.ஏ. என்ற இரசாயனத்தைப் பற்றி, அது உடம்பிலும் ஆற்றிலும் தங்கிவிடுகிறது, புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். அக்கா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வெறும் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போவதை. 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு தாங்காது, ரொம்பச் சூடேறினால் வருகிற புகை ஆளுக்கு ஆகாது, கூண்டில் கிளி வளர்த்தால் கிளி செத்தே போகும். விறகடுப்புத் தீயில் அந்தத் தட்டை வைக்கவே வேண்டாம், அதற்கு இரும்புத் தட்டுத்தான் லாயக்கு.

மற்றபடி சோற்றுச் சட்டி அலுமினியம் என்றால் அதற்குப் பின்னால் புளோர்ஸ்பார் இருக்கிறது. போன் பேட்டரியில் இருக்கிறது. பல்லுப் பசையில் அதிலிருந்து வந்த புளோரைட்டு இருக்கிறது. இழுப்புக்காரர் வாயில் அடிக்கிற பம்ப்பில் மருந்தைத் தள்ளுகிற காஸும் பெரும்பாலும் புளோரின் சேர்ந்ததுதான். பிரிட்ஜை மட்டும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்: பின்பக்கம், கீழே கறுப்புக் குண்டு மாதிரி இருக்கிற கொம்பிரஸரில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆர் 134ஏ என்றிருந்தால் புளோரின் உண்டு, ஆர் 600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் காஸின் சொந்தக்காரன், புளோரினே கிடையாது. ரொம்பப் பழைய பிரிட்ஜில் ஆர் 12 இருந்தது, அதுதான் ஓசோன் படலத்தைத் தின்ற வகை, 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்து அதற்கு முடிவு கட்டியது. அதன் இடத்துக்கு வந்த 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும் என்று 2016இல் கிகாலியில் கூடி அதையும் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். உங்கள் பக்கத்துப் பால் சேகரிக்கிற இடத்திலுள்ள குளிர்த் தாங்கியின் ஸ்டிக்கரையும் ஒரு நாள் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: தேத்தண்ணியில் புளோரைட்டு அதிகம், எலும்பைக் கெடுக்கும் என்று யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். நாம் ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கிற ஆட்கள். அதோடு, வவுனியாவில் கல்யாணம் கட்டிக்கொடுத்த என் மகளின் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்து வைக்கிற செடி, அது உண்மை. ஆனால் எந்த இலையில் என்பதுதான் விஷயம். வயதாக ஆக இலையில் சேர்ந்துகொண்டே போகும், முற்றின இலையில் இளம் கொழுந்தை விடப் பத்து, இருபது மடங்கு இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நம் பெண்கள் கிள்ளுகிறார்களே, அது சுவைக்காக வந்த கணக்கு, ஆனால் புளோரைட்டு விஷயத்திலும் அதுதான் நல்ல கணக்கு. திபெத்திலும் உள் மொங்கோலியாவிலும் முற்றின இலை, தண்டு எல்லாம் சேர்த்து அழுத்திச் செங்கல் மாதிரிச் செய்கிற தேயிலையை நாள் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்களுக்கு எலும்பு நோய் வந்திருக்கிறது, உங்களுக்கு வந்த செய்தி அதிலிருந்து கிளம்பியிருக்கலாம். நல்ல கொழுந்துத் தூளில் ஐந்தாறு கோப்பைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கரடு இலையில் அரைத்த மலிவுத் தூளில் கொஞ்சம் கூடும், அந்தத் தூள் யார் வீட்டுக்கு வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பேரப் பிள்ளைகளின் பல்லுக்குத் தேத்தண்ணியைக் குற்றம் சொல்ல வேண்டாம், கிணற்றைப் பாருங்கள். நம் மலையில் மழை அள்ளிக் கொட்டிப் பாறையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் ஊற்றுத் தண்ணீரில் புளோரைட்டு குறைவு. வறண்ட வலயத்தில் அப்படி இல்லை, தண்ணீர் நிலத்துக்கடியில் வெகுநாள் நின்று, மைக்கா, அப்பரைட் மாதிரியான கனியங்களிலிருந்து புளோரைட்டைக் கரைத்துக்கொள்ளும், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் இது ஊரறிந்த பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல்லு முளைக்க முன்னமே, தாடைக்குள் உருவாகும்போது அதிகமாகப் போனால்தான் அந்தக் கறை விழும், வளர்ந்த பிறகு குடித்தால் பல்லுக்கு வராது. மகளிடம் சொல்லி ஒரு சுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் போகும் என்று நினைக்கிறார்கள், போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். மற்றவர்களுக்குக் கறை இருக்கிறதே என்று பசையை நிறுத்திவிடாதீர்கள், மலையில் பல்லுப் பூச்சிதான் பெரிய எதிரி, சின்னப் பிள்ளைக்குக் கடலை அளவு போதும், துப்பப் பழக்குங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர்: சார், நம் மலையில் இந்தக் கல் இருந்து ஒரு சுரங்கம் வந்தால் நாள் சம்பளத்துக்குத் தேயிலையையே நம்பிக் கிடக்க வேண்டியதில்லையே? அரசாங்கம் ஏன் தேடுவதில்லை?

பதில்: தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

நம் நாட்டில் தோண்டுகிறவை வேறு: போகலையிலும் கஹட்டகஹவிலும் பென்சிலுக்குப் போடுகிற காரீயம், எப்பாவலையில் பொசுபேற்றுப் பாறை, புல்மோட்டையில் கனிய மணல், இரத்தினபுரியிலும் இன்னும் பல இடத்திலும் இரத்தினக்கல். வியாபார அளவில் புளோர்ஸ்பார் சுரங்கம் இங்கே கிடையாது. உலகம் ஆண்டுக்குத் தோண்டுகிற ஏறத்தாழ 90 இலட்சம் தொன்னில் நூற்றுக்கு 60 வீதத்துக்கு மேல் சீனாவில். அதற்குப் பிறகு மெக்சிகோ, மொங்கோலியா, தென்னாபிரிக்கா, வியட்நாம். மெக்சிகோவின் லாஸ் குவேவாஸ்தான் உலகத்திலேயே பெரிய புளோர்ஸ்பார்ச் சுரங்கம். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு தோண்டுகிற சீனாவே 2018 முதல் விற்பதை விட அதிகமாக வெளியிலிருந்து வாங்குகிறது, ஏனென்றால் கல்லாக விற்பதை விட அமிலமாக, காஸாக, பேட்டரி உப்பாக மாற்றி விற்கத்தான் அவர்களுக்கு ஆசை.

கல்லின் விலை தொன்னுக்குச் சில நூறு டொலர். அதே புளோரின் சிப் ஆலைக்குப் போகிற அமிலமாக, மருந்தாக மாறிய பிறகு கிலோவுக்கு விலை பேசுவார்கள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? தூளை மூட்டையாக ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, அதே தூள் வெளிநாட்டில் பொட்டலமாகி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சுரங்கம் மட்டும் வந்தால் இன்னொரு தோட்டம் வந்த மாதிரிதான், அதிலும் சம்பளத்துக்குப் பேச்சுவார்த்தை நடக்கும். கென்யாவில் கெரியோ பள்ளத்தாக்கில் பல வருடம் ஓடிய சுரங்கம் ஒன்று, சந்தையில் விலை விழுந்ததும் 2016இல் மூடிக்கொண்டது. நம்பியிருந்த ஊர் அப்படியே நின்றது.

அதை விடப் பெரிய விஷயம் நெஞ்சு. கனடாவில் நியூபவுண்ட்லாந்துத் தீவின் தெற்கே செயின்ட் லோரன்ஸ் என்று ஒரு மீன்பிடி ஊர். 1929இல் கடல் பொங்கி அந்தக் கரையை அடித்துப் போட்டது, மீனும் படவில்லை, பசி. 1933இல் புளோர்ஸ்பார்ச் சுரங்கம் வந்தபோது ஊரே அதற்குள் இறங்கியது, நாமாக இருந்தாலும் இறங்கியிருப்போம். தண்ணீர் விடாமல் உலர்ந்த பாறையில் துளை போட்டார்கள், முகத்துக்கு மேலே தூசி மேகம். காற்றோட்டம் பெயருக்கு. 1942 பெப்ரவரி 18ஆம் தேதி பனிப் புயலில் இரண்டு அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அந்தக் கரைப் பாறையில் மோதின, இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள், சுரங்கத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி, பனி உறைந்த மலைச் சரிவில் கயிறு கட்டி இறங்கி, எண்ணெயில் ஊறிக் கிடந்த மாலுமிகளை இழுத்து எடுத்தார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குளிப்பாட்டிச் சூப் கொடுத்தார்கள். நூற்று எண்பதுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அதற்கு நன்றியாக அமெரிக்கா அந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தது, 1954இல் திறந்தார்கள். அதே வருடங்களில் அதே சுரங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு படுத்தார்கள். முதலில் தூசி நோய் என்றார்கள். 1960 வாக்கில்தான் அளந்து பார்த்தபோது காரணம் பிடிபட்டது: சுரங்கத்துக்குள் கசிந்த தண்ணீர் பாறையிலிருந்து ரேடன் என்ற கதிர்வீச்சுக் காஸைச் சுமந்து வந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோயில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், நட்டஈட்டுக்கு அந்த விதவைகள் வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

கல்லில் குற்றமில்லை, ஈரத் துளையும் நல்ல காற்றும் இருந்தால் ரேடனையும் தூசியையும் அடக்கலாம், இன்றைய சுரங்கங்களில் அதைச் செய்கிறார்கள். ஆனால் அரசாங்கம் தேட வேண்டும் என்றால் நான் வேறொன்றைத் தேடச் சொல்வேன்: பொசுபேற்றுப் பாறையிலும் கொஞ்சம் புளோரின் உண்டு, உர ஆலைகளில் அதைப் பிடித்து விற்கிற நாடுகள் இருக்கின்றன, எப்பாவலைப் பாறையை வைத்து ஒழுங்கான உர ஆலை வேண்டும் என்று நாட்டில் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. கையில் இருப்பதையே முடிக்காமல் கண்ணில் படாத கல்லுக்கு ஏங்குவானேன்?

லிந்துலையிலிருந்து ஒரு வாசகர்: தேயிலை ஸ்டோரில் பிட்டர் வேலை செய்கிறேன். 7018 வெல்டிங் ராட்டின் மேல்பூச்சில் இந்தக் கல் இருக்கிறதாமே? பனிக்காலத்தில் ராட் நமுத்துவிடுகிறது, நாங்கள் தேயிலை டிரையருக்குள் வைத்துக் காயவைத்து எடுக்கிறோம். சரிதானே?

பதில்: இருக்கிறது. சுண்ணாம்பும் புளோர்ஸ்பாரும்தான் அந்தப் பூச்சின் முக்கியச் சரக்கு, கசடை இளகவைக்கிறது, உருகிய இரும்புக்குள் ஐதரசன் நுழையாமல் தடுக்கிறது. ஐதரசன் உள்ளே போனால் ஒட்டு ஆறின பிறகு உள்ளே வெடிப்பு விடும், ரோலர் சாப்ட்டு மாதிரிப் பாரம் தாங்குகிற இடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். ஈரமான ராட்டில் இந்த வேலை எல்லாம் வீண்.

ஆனால் டிரையர் போதாது. அதன் சூடு நூறு பாகைக்கு அங்கே இங்கே, 7018க்கு 300 பாகைக்கு மேல், ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும், அதற்கென்றே ராட் அடுப்பு விற்கிறார்கள். வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும் வரைக்கும் பெட்டியை உடைத்தவுடன் மூடி இறுக்கமான தகரத்தில் வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். ஒட்டும்போது வருகிற புகையிலும் புளோரைட்டு உண்டு, கதவைத் திறந்து வைத்துக் காற்று உங்கள் முதுகுப் பக்கமோ முகத்துக்கு நேரோ வராமல், பக்கவாட்டில் வந்து புகையைத் தள்ளுகிற மாதிரி நில்லுங்கள். டிரையருக்குள் ராட் வைக்கிற விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், டீமேக்கர் கண்டால் உங்கள் பாடு திண்டாட்டம்.